பையனுக்குப் பதினெட்டு முடிந்தால் பராமரிப்பும் முடிந்ததா? வேலூரில் இலவச சட்ட உதவியையும் சமரசத்தையும் நாடிய எங்கள் அனுபவம்

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் பெண்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் சட்ட உதவியையும், வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் சமரச சேவையையும் 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை என் தங்கைக்காகப் பயன்படுத்தினோம். அந்தச் சேவை எங்களுக்கு எதைச் செய்து கொடுத்தது, எதைச் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை, எங்கள் நிலையில் இருப்பவர்கள் எந்த எதிர்பார்ப்போடு அங்கே போகலாம் என்பதை எழுதுகிறேன். சமரச அறையில் பேசப்படுபவை வெளியே போகக் கூடாதவை என்பதால், தங்கையும் பையனின் அப்பாவும் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டவற்றை மட்டுமே இங்கே சொல்லியிருக்கிறேன்.

என் தங்கை ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். குடியிருப்பது காட்பாடியில். கணவரைப் பிரிந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. 2019இல் நீதிமன்றம் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு ரூ.3,500 மாதப் பராமரிப்பு என்று உத்தரவிட்டது. அவர் குடியாத்தத்தில் சொந்தமாக மினி லாரி ஓட்டுபவர். நடுவில் சில மாதங்கள் தவறியிருந்தாலும், பெரும்பாலும் பத்தாம் தேதிக்குள் பணத்தைப் போட்டுவிடுவார் என்பதை நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். உத்தரவில் 'மேஜர் ஆகும் வரை' என்ற சொற்கள் இருந்தன. ஆறு ஆண்டுகளாக நாங்கள் யாரும் அவற்றைக் கவனித்ததே இல்லை.

பையன் பிறந்தது 2007 ஆகஸ்டில். 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினான். ஜூன் மாதம் பி.எஸ்சி. கணினி அறிவியலில் சேர்ந்தான். அந்த மாதக் கடைசியில் அவன் அப்பா தங்கைக்குப் போன் செய்து, "ஆகஸ்டோட அவனுக்குப் பதினெட்டு முடியுது. அடுத்த மாசத்துலேர்ந்து பாப்பாவுக்கு மட்டும்தான் போடுவேன். கோர்ட்டு ஆர்டர்லயே அப்படித்தான் இருக்கு" என்றார். முதல் ஆண்டுக் கட்டணத்தின் முதல் தவணையை அவள் சீட்டுப் பணத்தில் கட்டி முடித்திருந்த வாரம் அது.

எங்கள் சிக்கலின் முழு வடிவமும் இந்தத் தேதிகளில்தான் இருக்கிறது. ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை பதினேழு வயதில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும். அப்படியென்றால் பதினெட்டாவது பிறந்த நாள் பெரும்பாலும் கல்லூரியின் முதல் ஆண்டில்தான் வரும். சேர்க்கைக் கட்டணம், புத்தகம், பஸ், மதியச் சாப்பாடு, பருவத் தேர்வுக் கட்டணம் எனச் செலவு பள்ளிக்காலத்தைவிட இரண்டு மடங்காக ஏறும் அதே ஆண்டில் உதவி நின்றுபோகிறது. பதினெட்டு என்ற எல்லையை வகுத்தது 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவரம்புச் சட்டம். பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில் எழுதப்பட்ட அந்த எண், 150 ஆண்டுகள் கழித்து ஒரு காட்பாடிப் பையனின் பஸ் காசை நிறுத்துகிறது.

அவசரத்தில் நாங்கள் முதலில் போனது நகரில் இருக்கும் ஒரு தனியார் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு. பெயர் சொல்ல விரும்பவில்லை. எங்கள் காகிதங்களை ஐந்து நிமிடம்கூடப் புரட்டாமல், பையன் பெயரில் புதிதாக ஜீவனாம்ச மனு போட்டுவிடலாம், மொத்தம் ரூ.25,000 ஆகும், முன்பணமாக ரூ.5,000 கொடுங்கள் என்றார்கள். தங்கை கொடுத்தாள். மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, பையன் மேஜர் ஆகிவிட்டால் அந்த மனு நிற்காது என்று அதே அலுவலகத்தில் வேறொருவர் சொன்னார். முன்பணம் திரும்பவில்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஐயாயிரம் ரூபாய் என்பது பத்து நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. காகிதத்தைப் படித்துவிட்டுப் பணம் வாங்கியிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

அதன் பிறகுதான் 15100 என்ற கட்டணமில்லா எண்ணைப் பற்றிப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை சொன்னார். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 'ஏழை என்று சான்றிதழ் வாங்க வேண்டுமா, தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய வேண்டுமா?' என்று தங்கை பயந்தாள். பெண் என்ற தகுதியே போதும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் முதலியோரும் அதே பிரிவில் வருகிறார்கள். இது தெரியாமல்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் தாலிக்கொடியை அடகு வைத்து வழக்கு நடத்துகிறார்கள்.

முதல் நாள் காலை பத்து மணிக்கெல்லாம் வளாகத்தில் இருந்தோம். தங்கை சொன்னதை ஒரு பெண் ஊழியர் பொறுமையாகக் கேட்டு, மனுவை எழுத உதவினார். பிறகு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் 2019ஆம் ஆண்டு உத்தரவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நாங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, பென்சிலால் கோடிட்டுப் படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் சொன்னவை எங்களுக்கு வருத்தம் தந்தாலும், பல வாரக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தன. இந்தச் சேவைக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பது இந்த இடத்துக்குத்தான்: முடியாததை முடியாது என்று முதல் நாளே சொன்னார்கள்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியிருக்கிறதே தவிர, பிள்ளைகளைப் பொறுத்தவரை உள்ளடக்கம் அதேதான். மைனர் பிள்ளைக்குப் பராமரிப்பு உண்டு. பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு, உடலிலோ மனத்திலோ உள்ள குறைபாட்டாலோ காயத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலை இருந்தால் மட்டும் உண்டு. நன்றாக இருக்கும் பையன், படித்துக்கொண்டிருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பிரிவில் கேட்க முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் மகனுக்கு மைனர் பருவத்தோடு நின்றுவிடுகிறது.

ஆனால் மகளுக்கு அப்படி இல்லை. அதே 20ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, திருமணமாகாத மகள் தன் வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாத வரை பெற்றோரின் கடமை தொடரும் என்கிறது. 2020 செப்டம்பரில் அபிலாஷா எதிர் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 125ஆம் பிரிவில் மேஜரான மகள் கேட்க முடியாது, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேட்கலாம் என்று இரண்டையும் பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது. அந்தச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரியது. மேல்விஷாரம், பேர்ணாம்பட்டுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில், முஸ்லிம் தந்தை தன் மகன்களை மேஜராகும் வரையிலும் மகள்களைத் திருமணம் வரையிலும் பராமரிக்கக் கடமைப்பட்டவர், விவாகரத்தால் அந்தக் கடமை குறையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்று வளரும் அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டு வேறு முடிவுத் தேதிகள். பெண்ணுக்குக் கூடுதலாகக் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் பெண்ணின் கையில் சொத்தும் வேலையும் இல்லாமல் இருந்த நிலைமையைப் பார்த்துத்தான் அந்த உட்பிரிவு எழுதப்பட்டது. ஆனால் பதினெட்டு வயதுப் பையன் மறுநாளே சம்பாதிக்கத் தொடங்கிவிடுவான் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தின் அடியில் இருக்கிறது. அது வயலுக்கும் தறிக்கும் தோல் ஷெட்டுக்கும் பையன்கள் போன காலத்தின் எண்ணம். இன்று அப்படிப் போகிற பையனைப் பார்த்து, படிப்பை விட்டுவிட்டான் என்று ஊரே வருந்துகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மகனுக்குப் பதினெட்டோடு கதவை மூடும் அதே 144ஆம் பிரிவில், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தாய் தந்தையர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அதற்கு மேலும் வலுச் சேர்க்கிறது. பெற்றோரைக் காப்பது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நாளைக்குத் தன்னைத் தாங்க வேண்டிய பையனை, அவன் தாங்கும் அளவுக்கு வளர்ந்து முடிவதற்குள் தந்தை கைவிட்டுவிடலாம் என்பதுதான் என் மனத்துக்கு ஒவ்வவில்லை.

நீதிமன்றங்கள் இதை உணரவில்லை என்று சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கர்நாடகத்தைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியரின் வழக்கில், இன்றைய நிலையில் பதினெட்டு வயது வரை மட்டும் உதவுவது போதாது, அடிப்படைப் பட்டம் கல்லூரிப் படிப்பை முடித்த பிறகுதான் கிடைக்கிறது என்று கருதி, மகன் முதல் பட்டப் படிப்பை முடிக்கும் வரை மாதம் ரூ.10,000 தர உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம், மகனுக்குப் பதினெட்டு ஆனதால் மட்டும் தந்தையின் பொறுப்பு தீர்ந்துவிடாது, முழுச் சுமையும் தாயின் தலையில் விழக் கூடாது என்று சொல்லி, மகன் பட்டம் முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை தாய்க்கு மாதம் ரூ.15,000 இடைக்காலத் தொகை வழங்கச் சொன்னது. இவை அந்தந்த வழக்கின் சூழலைப் பார்த்து எழுதப்பட்டவை, இவற்றை நம்பி நேராக வழக்குப் போட்டால் எத்தனை வாய்தா ஆகுமோ தெரியாது, அதற்குள் பையன் படிப்பையே முடித்துவிடுவான் என்று வழக்கறிஞர் சொன்னார். "சட்டம் கட்டாயப்படுத்தாததை அவங்கப்பா மனசார ஒத்துக்கிட்டா எழுதி வாங்கிடலாம்மா. பேசிப் பார்ப்போமா?" என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

தபாலில் அழைப்புப் போனது. முதல் அமர்வுக்குப் பையனின் அப்பா வரவில்லை. சென்னைக்கு லோடு ஏற்றியிருந்தாராம். இரண்டாவது அமர்வுக்கு வந்தார், சட்டைப் பையில் 2019ஆம் ஆண்டு உத்தரவின் நகல் நான்காக மடித்து இருந்தது. சமரசர் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. யார் சரி, யார் தப்பு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எட்டு ஆண்டுக்கு முன் நடந்ததைத் தங்கை எடுத்தபோதும், பையனின் அப்பா எடுத்தபோதும், "அது இன்னொரு நாளைக்கு. இன்னைக்குப் பையன் படிப்பு மட்டும்" என்று இருவரையும் திருப்பிக் கொண்டுவந்தார். பிறகு ஆளுக்கு ஒரு கோடு போட்ட முழுத்தாளையும் பேனாவையும் கொடுத்து, தங்கையைப் பையனுக்கு ஆகும் செலவையும், அவரைத் தன் வரவு செலவையும் தனித்தனி மேசையில் உட்கார்ந்து எழுதச் சொன்னார்.

அந்த இரண்டு தாள்களையும் நான் மறக்க மாட்டேன். தங்கையின் தாளில் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.28,000, பருவத் தேர்வுக் கட்டணம், பஸ், மதியச் சாப்பாடு, ரெக்கார்டு நோட்டு, தீபாவளிக்கு ஒன்றும் பொங்கலுக்கு ஒன்றுமாக இரண்டு செட் துணி, செல்போன் ரீசார்ஜ் என்று இருந்தது. அவருடைய தாளில் வண்டித் தவணை, டீசல், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி., அம்மாவின் சர்க்கரை மாத்திரை என்று இருந்தது. சமரசர் இரண்டு தாள்களையும் இடம் மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தங்கை அந்த மாத்திரைக் கணக்கின் மேல் விரலை வைத்து, "அத்தைக்கு இன்சுலின் போட ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். எட்டு ஆண்டுகளில் அவரிடம் அவள் கோபமில்லாமல் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவர் தங்கையின் தாளில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ரெக்கார்டு நோட்டு என்ற வரியை. "இதெல்லாம் இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அவருடைய தரப்பில் இருந்த நியாயத்தை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். பணம் கொடுக்க முடியாது என்பது அவர் பேச்சு இல்லை. "பதினெட்டுன்னா பதினெட்டு. அதைத் தாண்டிட்டா பட்டம்னு சொல்வாங்க, அப்புறம் எம்.எஸ்சி.ம்பாங்க, அப்புறம் வேலை கிடைக்கலைம்பாங்க. எனக்கு ஒரு தேதி வேணும்மா" என்று சமரசரிடம் சொன்னார். பிறந்த நாள் என்ற தேதியை அவர் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அவர் கையில் இருந்த ஒரே தேதி அதுதான். அதைவிடப் பொருத்தமான ஒரு தேதியைக் கொடுத்தபோது, அரை மணி நேரத்தில் அதற்கு ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது அமர்வில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் சாரம் இது. பையனுக்கு 2025 செப்டம்பர் முதல் மாதம் ரூ.4,500. ஆண்டுக்கு ஐந்து சதவீத உயர்வு. கல்லூரிக் கட்டணத்தில் பாதி அப்பா, பாதி அம்மா. 2028 மே மாதத் தவணையோடு எல்லாம் முடியும். அரியர் இருந்தாலும் முடியும், மேற்படிப்புக்குப் போனாலும் முடியும். நடுவில் படிப்பை நிறுத்தினாலோ முழுநேர வேலைக்குப் போனாலோ அந்த மாதத்தோடு நிற்கும். விடுமுறையில் ஏதாவது கடையில் வேலை பார்த்தால் அது கணக்கில் வராது. பையன் மேஜராகிவிட்டதால் பணம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். அவனும் மூன்றாவது நாள் வந்திருந்து கையெழுத்துப் போட்டான்.

அப்பா கேட்டு வாங்கிய நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியலையும் பையன் அவருக்கு அனுப்ப வேண்டும். கண்காணிக்கப் பார்க்கிறாரே என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அமெரிக்காவின் மிசோரி மாநிலச் சட்டத்தில் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருக்கிறது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அங்கே பொதுவாகப் பதினெட்டு வயதில் முடியும் பராமரிப்பு, பிள்ளை பள்ளிப் படிப்பு முடிந்த அந்த ஆண்டின் அக்டோபர் 1க்குள் கல்லூரியில் சேர்ந்து, தேவையான பாடங்களை எடுத்து, ஒவ்வொரு பருவமும் பெற்றோருக்கு மதிப்பெண் விவரத்தைக் கொடுத்துவந்தால் இருபத்தொரு வயது வரை நீள்கிறது. நியூயார்க்கில் நேரடியாகவே இருபத்தொன்று. கலிபோர்னியாவில் பதினெட்டு, பிள்ளை இன்னும் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கவில்லை என்றால் பத்தொன்பது வரை. கொடுப்பவருக்கு ஒரு முடிவும், பெறுபவருக்கு ஒரு பொறுப்பும் சேர்ந்தே இருப்பதுதான் மிசோரி ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது. அதோடு, மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் தகப்பன் பிள்ளையைக் கை கழுவ நினைப்பவர் அல்ல என்பதும் எனக்குப் புரிந்தது.

இந்த ஒப்பந்தம் செப்டம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகி, அதன் தீர்ப்பாகக் கையில் கிடைத்தது. இதை வெறும் சம்மதக் கடிதம் என்று நினைத்துவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. பணம் தவறினால் நிறைவேற்று மனு போடலாம், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. பழைய 125ஆம் பிரிவின் உத்தரவிலோ, இன்றைய 144ஆம் பிரிவிலோ பாக்கி விழுந்தால், அது விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வசூலிக்க மனுப் போடாவிட்டால் அந்தப் பிரிவின் கீழ் வாரண்டு பெற முடியாது. நடுவில் தவறிய ஐந்து மாதப் பணத்தை நாங்கள் இழந்தது இது தெரியாததால்தான். படிக்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு இது. வழக்கறிஞருக்கு, சமரசருக்கு, மனுவுக்கு, பதிவுக்கு என்று ஒரு ரூபாயும் ஆகவில்லை. காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு பஸ், ஜெராக்ஸ், தங்கை விடுப்பெடுத்த நான்கு நாள் சம்பளம், இவைதான் எங்கள் செலவு. தனியார் அலுவலகம் கேட்ட ரூ.25,000க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அடித்துத் துன்புறுத்தும் கணவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணுக்குச் சமரசம் சரியான வழி அல்ல. அவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நேராக நீதிமன்றம் போவதற்கே இதே இலவச உதவி கிடைக்கும். எதிர்த் தரப்பு வரவே மறுத்தால் சமரசம் அங்கேயே முடிந்துவிடும், யாரையும் இழுத்துவரும் அதிகாரம் அதற்கு இல்லை. வருமானத்தை மறைப்பவரிடமும் வெறும் தாளில் எழுதி வாங்குவது பயன் தராது. அத்தகையவர்களுக்கு நீதிமன்றமே தேவை. அங்கே ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். எங்கள் விஷயத்தில் வண்டி அவர் பெயரில் இருந்தது, தவணை வங்கியில் போனது, எதையும் மறைக்க அவரும் நினைக்கவில்லை. அதனால்தான் மூன்று அமர்வில் முடிந்தது.

போகிறவர்கள் பழைய உத்தரவின் நகல், பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கல்லூரிச் சேர்க்கை ரசீது, பணம் வந்த வங்கிக் கணக்கின் ஓராண்டுப் பதிவு, இருவரின் ஆதார் நகல், இவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 வருகிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். எங்கள் பையனுக்கு அது வருகிறது, செலவுத் தாளில் அதைக் கழித்துக் காட்டியதால் எங்கள் கணக்கை அவன் அப்பா நம்பினார். முடிந்தால் பதினெட்டாவது பிறந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே போய்விடுங்கள். பணம் நின்ற பிறகு பேசுவது வேறு, நிற்பதற்கு முன் பேசுவது வேறு.

டிசம்பரில் முதல் பருவத் தேர்வு எழுதினான். முடிவு வந்த அன்றே மதிப்பெண் பட்டியலை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கணிதத்தில் மட்டும் குறைவு. "மேத்ஸுக்கு டியூஷன் வெச்சுக்கோ, காசு நான் தரேன்" என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் டியூஷன் இல்லை.

சின்னவள் இப்போது பத்தாம் வகுப்பு. 2028 டிசம்பரில் அவளுக்குப் பதினெட்டு முடியும், 2019ஆம் ஆண்டு உத்தரவு அன்றோடு அவளுக்கும் காலாவதியாகும். அவளுக்கு 20ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு கையில் இருக்கிறது. இருந்தாலும் 2028 ஜூனிலேயே அதே வளாகத்துக்குப் போய், அதே மாதிரி இரண்டு தாள்களை எழுதிப் பேசுவது என்று தங்கையும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.